ஒரு படி மல்லாட்டையும் ஒரு படி கேப்பையும்

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர் விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே என்னிடம் வந்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயர்நிலைச் சிந்தனையைக் கற்பிப்பது எப்படி என்று தடிமனான கையேடு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பகுத்துப் பார்ப்பது, ஒப்பிடுவது, காரணம் சொல்வது, முடிவை எடை போடுவது என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

“அஞ்சு கிளாஸையும் ஒரே ஆளா நடத்தினவரு நீங்க. இதெல்லாம் உங்க காலத்துல இருந்துச்சா சார்?” என்று கேட்டார்.

பெயர் இல்லை, வேலை இருந்தது என்றேன். அந்த வேலையை நான் ஆரம்பித்த முதல் மாதத்திலேயே, வகுப்பில் முதலாவதாக இருந்த பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்றும் சொன்னேன். அவர் கையேட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.  

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் மூன்று ஊர்ப் பள்ளிகளில், விட்டு விட்டு. அப்பா போனபின் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் மூட்டை தூக்கினேன். பிளாட்பாரத்திலேயே படுக்கை. பிறகு லாரி கிளீனர். பிறகு திண்டிவனத்தில் மல்லாட்டை மில் ஒன்றில் இரண்டு பருவம்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். எங்கேயும் ஒரு வருடம் முழுசாகத் தங்கியதில்லை. எனக்குக் கால் நிற்காது. பசி இருந்தது. எல்லோருக்கும் இருந்ததால் அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாவது தேறியவர்களை ஆசிரியர் பயிற்சிக்கு எடுக்கிறார்கள், படிக்கும்போதே உதவித்தொகை உண்டு என்று மில்லில் ஒருவர் சொன்னார். சோற்றுக்காகப் போய்ச் சேர்ந்தேன். விழுப்புரத்தில் இரண்டு வருடம். பாடக்குறிப்பு எழுதவும், கரும்பலகையில் வரி கோணாமல் எழுதவும் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற வழியில் மூன்று மைல் தள்ளி இருந்த ஒரு ஊரின் ஓராசிரியர் பள்ளிக்கு என்னைப் போட்டார்கள். ஒரே ஓட்டுக் கொட்டகை. நாற்பது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். ஒன்றும் இரண்டும் மணலில் எழுதும். மூன்றாவது, புத்தகத்தைப் பார்த்துச் சிலேட்டில் எழுதும். நான்கும் ஐந்தும் வடக்குச் சுவரோரம் எனக்கு எதிரே உட்காரும். அந்த இரண்டு வகுப்பிலும் சேர்த்துப் பதின்மூன்று பேர்.

அங்கே கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் வைத்தது. அவருக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் செய்திருப்பார். நான் படித்த மூன்று பள்ளிகளிலும் அதே முறைதான். வாத்தியார் கேள்வியைக் கேட்பார். தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். யார் சரியான பதிலைச் சொல்கிறாரோ அவர் வரிசையாகப் போய், நிற்கிற ஒவ்வொருவர் தலையிலும் நடுவிரல் முட்டியால் ஒரு கொட்டு வைக்க வேண்டும். வாத்தியாருக்குக் கை வலிக்காது. பிரம்பும் தேயாது. பிள்ளைகளும் ராத்திரி உட்கார்ந்து நெட்டுருப் போட்டுவிட்டு வரும். நல்ல முறை என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் சொல்லப்போகிற வருடத்தில் கொட்டுகிறவள் ஒருத்திதான். தனலட்சுமி, ஐந்தாம் வகுப்பு, ஊர் மணியக்காரர் மகள். பதினாறாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்வாள். வாசகப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் முதல் வரியிலிருந்து ஒப்பிப்பாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பிறகு வரிசையாகப் போய்ப் பன்னிரண்டு தலையிலும் கொட்டுவாள். வேகமாகக் கொட்ட மாட்டாள். மெல்ல வைத்து ஒரு திருகு திருகுவாள். அதுதான் அதிகம் வலிக்கும் என்று பையன்கள் சொல்வார்கள்.

அந்தக் கொட்டுகளை அதிகம் வாங்கியவள் பச்சையம்மா. அவளும் ஐந்தாவதுதான். விடிந்ததும் மணியக்காரர் வீட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய், வெயில் ஏறியதும் அவள் அப்பாவிடம் மாற்றி விட்டுவிட்டு, பாதிப் பாடத்தில் ஓடி வருவாள். பாதியைக் கேட்டவளுக்குப் பதில் எங்கிருந்து வரும்? எழுந்து நிற்பாள். கொட்டு வாங்குவாள். உட்காருவாள். அழுது நான் பார்த்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் இப்படியே ஓடியிருந்தது. எனக்குச் சலித்துவிட்டது. வேலையை விட்டு ஓடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தனலட்சுமியிடம் ஒருநாள் வேறு மாதிரி ஒரு கேள்வி கேட்டேன். “எட்டேழு அம்பத்தாறுன்னு சொல்றியே, அது எப்படித் தெரியும்?” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “வாய்ப்பாட்டுல இருக்குது சார்” என்றாள். “வாய்ப்பாட்ட எழுதினவருக்கு எப்படித் தெரியும்?” என்றேன். அவள் எட்டாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பித்தாள். ஆனால் வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.  அந்த மாதிரி நிமிர்ந்ததை அந்தக் கொட்டகையில் நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி. புத்தகத்தில் இல்லாத கேள்வி. ஏரியோரக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்கிறது, மேட்டுக் கிணறு வற்றுகிறது, ஏன்? காலையில் நிழல் நீளமாக இருக்கிறது, மத்தியானம் ஏன் குட்டை? கேட்டதும் யாரும் பதில் சொல்லக் கூடாது. நான் கரும்பலகையிலிருந்து வாசல்வரை மூன்று முறை போய் வருவேன், அதுவரை யோசிக்க வேண்டும். இதை நான் எங்கேயும் படிக்கவில்லை. எனக்கு ஒரே இடத்தில் நிற்க வராது, அதனால் நடந்தேன். நடக்கும்போது யாராவது பேசினால் எரிச்சலாக இருந்தது, அதனால் பேசக்கூடாது என்றேன். அந்தக் கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் மூன்று முறை நடந்து வந்தாலும் பதில் வராது. எல்லாம் ஊமையாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு யோசனையே கிடையாதோ என்று நினைத்தேன்.

அப்போதுதான் மல்லாட்டை மில் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே சில வண்டிக்காரர்கள் மூட்டையில் மணல் கலந்து கொண்டுவருவார்கள். மணல் கலந்தால் எடை ஏறும், மூட்டை பெருக்காது. அதை ஒரு கேள்வியாக மாற்றினேன். ஒரு படி மல்லாட்டை, தோலோடு. ஒரு படி கேப்பை, அதாவது கேழ்வரகு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து அளந்தால் எத்தனை படி வரும்?

நான் நடக்க ஆரம்பிக்கும் முன்பே தனலட்சுமி, “ரெண்டு படி சார்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு.”

நான் மூன்று முறை வாசலுக்குப் போய் வந்தேன். கடைசி வரிசையில் ஒரு குரல்.

“ரெண்டு வராது சார்.” பச்சையம்மா. “கேப்பை பொடிசு. மல்லாட்டைக்கு நடுவுல சந்து இருக்குது இல்ல, அதுல பூந்துக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆட்டுப் புழுக்கை வார்ற கூடையில மண்ணு கொட்டினா மண்ணு உள்ளாற போயிடுது. கூடை ரொம்ப மாட்டேங்குது.”

மணியக்காரர் வீட்டிலிருந்தே தனலட்சுமியின் தம்பி போய் இரும்புப் படியையும் தானியத்தையும் வாங்கி வந்தான். தலை தட்டி ஒரு படி மல்லாட்டை, தலை தட்டி ஒரு படி கேப்பை. முறத்தில் கொட்டிக் கலந்தோம். திரும்ப அளந்தோம். முதல் படி நிறைந்தது. இரண்டாவது படி பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. நான் குதிக்காத குறைதான். பிள்ளைகள் படிக்குள் கையை விட்டுத் துழாவின. எனக்கு அந்தச் சந்தோஷத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பழக்க தோஷத்தில், “கொட்டு” என்றேன்.

பச்சையம்மா முதலில் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வரிசையாக வந்தாள். தனலட்சுமிக்கு முன்னால் வந்ததும் நின்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கொட்டினாள். திருகவில்லை. ஒரே கொட்டு. கொட்டகை முழுக்கக் கேட்டது.

தனலட்சுமி அழவில்லை. சிலேட்டைப் பைக்குள் வைத்தாள். மணி அடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கடைக்காரர், “வாங்க வாத்தியாரே. ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணரையாமே? அப்ப ரெண்டு டீ குடிச்சா ஒண்ணரை டீக்குத்தான் காசு குடுப்பீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “எட்டாங்கிளாஸ்தானப்பா, அதுக்கு மேல அவருக்கு எண்ணத் தெரியாது” என்றார் இன்னொருவர்.

பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். முன்கூட்டிச் சொல்லாமல், திண்டிவனத்திலிருந்து சைக்கிளில், தனியாக. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற அதிகாரிகள் வந்தால் நாற்காலி, இளநீர், மாலை எல்லாம் வேண்டும். இவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார். தண்ணீரைத் தானே பித்தளைக் கூஜாவில் கொண்டுவருவார். நாற்காலியில் உட்கார மாட்டார். நேரே போய்க் கடைசி வரிசையில், பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். ஒன்றாவது பிள்ளையைக்கூட “வாங்க, உக்காருங்க” என்பார். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். மையில் எழுதினால் அது முடிந்துபோன விஷயம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மொட்டைப் பெட்டிஷன். ஜில்லா ஆபீஸ் இருந்த கடலூருக்குப் போய், அங்கிருந்து இவரிடம் வந்திருக்கிறது. இந்தப் பள்ளி ஆசிரியர் ஒன்றும் ஒன்றும் ஒன்றரை என்று போதித்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கிறார், இவரை நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை, எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். தினமும் சாவடியில் மணியக்காரரின் நோட்டீஸில் பார்க்கிற எழுத்து.

“அன்னிக்கு நடத்தின பாடத்த அப்படியே இன்னொரு தடவ நடத்துங்க சார்” என்றார்.

நடத்தினேன். அவரே எழுந்து வந்து தன் அடிக்கோலால் படியைத் தலை தட்டினார். “குலுக்கக் கூடாது, குலுக்கினா அளவு மாறும்” என்றார். ஒரு படியும், இன்னொரு படியில் பாதிக்குக் கொஞ்சம் மேலும் வந்தது. தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. உற்சாகத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டேன். “சரி, கேப்பைக்குப் பதிலா மொச்சை போட்டா?”

கேட்டுவிட்டு வாசலுக்கு நடந்தேன். திரும்பியபோது அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒண்ணு கவனிச்சீங்களா? நீங்க கேள்வி கேட்டதும் இவங்க எல்லாரும் எதுக்குத் தலையில கைய வெச்சிக்கிறாங்க?”

பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகளின் இடது கை உச்சந்தலையில் இருந்தது. யோசிக்கிற கை இல்லை அது, மூடுகிற கை. இரண்டு வருடமாக என் கண்ணெதிரே இருந்தது. நான் பார்க்கவில்லை.

கொட்டு முறையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “மனப்பாடம் பண்ணினது தப்பாப் போனா ஒரு கொட்டு, போவட்டும். ஆனா யோசிச்சா பத்துத் தடவ தப்பு வரும் சார். தப்பு வந்தாத்தான் யோசனை. கொட்ட வெச்சிக்கினு யோசின்னா எவன் வாயத் தொறப்பான்?” என்றார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துத் தனலட்சுமி என்ற பெயரில் விரலை வைத்தார். “இந்தப் பொண்ணு எங்க?”

நடந்ததைச் சொன்னேன்.

“கணக்கு சரி சார். ஆனா ஒரு குழந்த பள்ளிக்கூடத்த விட்டுப் போச்சுன்னா அந்தப் பெட்டிஷன் பாதி உண்மை. பத்து நாள்ல திரும்பி வருவேன். அந்தப் பொண்ணு இங்க உக்காந்திருந்தா ஒரு மாதிரி எழுதுவேன். இல்லேன்னா வேற மாதிரி.” பதிவேட்டில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டுப் போனார்.

வேலை போனால் எனக்குப் பெரிய விஷயமில்லை. லாரியும் ஜங்ஷனும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை வெறுத்துவிட்டால், அது நான் செய்த வேலை. அதைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

மறுநாள் காலை, “இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல கொட்டு கிடையாது” என்று அறிவித்தேன். பிள்ளைகள் ஆரவாரம் செய்யும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பச்சையம்மா எழுந்து நின்றாள்.

“நாலு வருசமா நான் கொட்டு வாங்கினேன் சார். ஒரு நாளுதான் கொட்டினேன். அதுக்குள்ள நிறுத்திட்டீங்க.”

 அவள் சொன்னது சரி. வாசலுக்கும் பலகைக்குமாக எத்தனை முறை நடந்தேனோ தெரியாது. கடைசியில், “என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரியல” என்றேன்.

வாத்தியார் தெரியல என்று சொல்லிப் பிள்ளைகள் கேட்டதில்லை. ஒருவன், “நீங்க எல்லாராண்டயும் ஒரு கொட்டு வாங்குங்க சார்” என்றான். இன்னொருவன், “தனலட்சுமி மட்டும் நாலு வருசத்துக்கு வாங்கட்டும்” என்றான். “அதுதான் வர்றதில்லையே, எங்க போயி கொட்டுவ?” என்றது ஒன்று. அன்று வேறு பாடம் நடக்கவில்லை. பச்சையம்மா பேசவே இல்லை. மறுநாள் ஆடுகளை விட்டுவிட்டு வந்ததும் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்:

“கொட்டு வாணாம் சார். ஆனா யாரு தப்பு சொன்னாலும் தப்புன்னு சொல்லணும். சொல்றவங்க ஏன் தப்புன்னும் சொல்லணும். சும்மா தப்புன்னா செல்லாது. அதுக்கு யாரும் அழவும் கூடாது, வூட்டுக்கு ஓடவும் கூடாது.”

நான் அதைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதிவைத்தேன். முப்பது வருடம் வேலை பார்த்தேன். போன இடத்திலெல்லாம் அந்த விதியைத்தான் வைத்து நடத்தினேன். அதைவிட நல்லது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“வாங்க வாத்தியாரே. ஒண்ணும் ஒண்ணும் எத்தினின்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“பொண்ண அனுப்பணுங்க ஐயா.”

“எதுக்கு? என் ஆட்ட மேய்க்கிறவ கையால கொட்டு வாங்கறதுக்கா?”

“நாலு வருசமா உங்க பொண்ணு அவ தலையில கொட்டிக்கினுதான் இருந்துச்சு.”

“அது படிச்சி கொட்டுச்சு.”

“இவ யோசிச்சி கொட்டினா.”

“யோசன இன்னா பாடம்? எந்தப் பொஸ்தகத்துல போட்டுக்குது? காட்டுங்க பாப்போம்.”

“இனிமே கொட்டே கிடையாதுங்க. நிறுத்திட்டேன்.”

“அதான் பாத்தேன். என் பொண்ணு வாங்கினப்புறம் நிறுத்திட்டீங்க.”

பச்சையம்மா சொன்னதும் இதே குறைதான். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு அதையே சொன்னார்கள். திரும்பி வந்துவிட்டேன். வரும்போது உள்கட்டு ஜன்னலில் தனலட்சுமியின் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மறைந்தது.

அடுத்து நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பச்சையம்மா தினமும் ஆடுகளை அவிழ்க்க அந்த வீட்டுக் கொட்டகைக்குத்தானே போகிறாள்? அங்கே சாணி அள்ளிக்கொண்டிருந்த தனலட்சுமியிடம், “இன்னா, ஒண்ணும் ஒண்ணும் ரெண்டா?” என்று சீண்டியிருக்கிறாள்.

“அது வாத்தியாரு பண்ண மோசம்” என்றிருக்கிறாள் தனலட்சுமி.

“உங்க வூட்லதான மல்லாட்ட மூட்ட மூட்டயா இருக்குது. நீயே அளந்து பாரு. ரெண்டு படி மல்லாட்டைக்கு ஒரு படி கேப்பைன்னா எத்தினி? எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது.”

எனக்கும் தெரியாது என்றாளே, அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

பத்தாவது நாள் டெபுடி இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தனலட்சுமி இல்லை. பதிவேட்டைக் கேட்கவில்லை, கூஜாவைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நான் பலகையில் தேதியை எழுதினேன். வரி கோணியது.

அப்போது வாசலில் மணியக்காரர். ஒரு கையில் முறம், மறு கையில் மகளின் மணிக்கட்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவரை அவர் பார்க்கவில்லை.

“வாத்தியாரே, இதுக்கு யாரு பதில் சொல்றது?” முறத்தை என் முன்னால் வைத்தார். மல்லாட்டையும் கேப்பையும் கலந்து கிடந்தது. “வெதைக்கு வெச்ச மல்லாட்ட. மூட்ட பூரா கேப்பை. நாலு நாளா வூட்ல ஒரு சாமான் விடல. உப்ப தண்ணியில போடுது, தண்ணி ஏறுதான்னு பாக்குது. மொச்சையில கேப்பை மாவக் கொட்டுது. வூட்ல ஒரே பேஜாரு. ஏன்டின்னு கேட்டா பேசாம இருங்க, அளவு தப்பிடும்ங்குது, என்னைய.”

தனலட்சுமி கையை உருவிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே பச்சையம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“ரெண்டு படி மல்லாட்டைக்கு ஒரு படி கேப்பை போட்டா கேப்பை காணாமப் போயிடுது. ரெண்டு படியேதான் வருது. மேல ஒரு பிடிதான் மிச்சம்.”

“தப்பு” என்றாள் பச்சையம்மா.

 தனலட்சுமியின் உதடு துடித்தது. ஆனால் அவள் நகரவில்லை. “ஏன்?” என்றாள்.

“ஒரு படி மல்லாட்டையில அரப்படி கேப்பைதான பூந்துச்சு? முழுப் படி எப்பிடிப் பூரும்? ஒரு படிக்கு அர, அப்ப ரெண்டு படிக்கு…” பச்சையம்மா நிறுத்தினாள். விரலை மடக்கினாள்.  “ரெண்டு படிக்கு ரெண்டு அர. அப்ப ஒரு படி.” இன்னும் கொஞ்சம் நின்றாள். “நீ சொன்னது சரிதான். நான் சொன்னதுதான் தப்பு.”

“அது கரெக்டுதான்” என்றார் மணியக்காரர். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நானும் அளந்து பாத்தேன்.” பிறகு, “மூணு தபா.”

“உக்காருங்க ஐயா” என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. மணியக்காரர் அப்போதுதான் அவரைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, வேறு இடம் இல்லாததால், மூன்றாவது வகுப்போடு தரையில் உட்கார்ந்தார். டெபுடி இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

“இதுல ஒரு சந்தேகம். நீங்க ஊர்ப் பெரியவரு, உங்களையே கேக்கறேன். ஒண்ணும் ஒண்ணும் எத்தனைங்க?”

மணியக்காரர் அந்தத் தாளைப் பார்த்தார். முறத்தைப் பார்த்தார்.

“இன்னாத்த இன்னாத்தோட கலக்கறோம்னு சொன்னாத்தானங்க சொல்ல முடியும்?” என்றார்.

டெபுடி இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் மையில் நாலு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. என் வேலை நிலைத்தது, அதிலிருந்து தெரிந்துகொண்டேன். தனலட்சுமி அன்று மத்தியானம்வரை இருந்தாள். மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வருடத்தின் மிச்ச நாட்களில் அந்தக் கொட்டகையில் நடந்த சண்டைகளை எழுத இந்தக் கட்டுரை போதாது. தப்பு, ஏன், தப்பு, ஏன் என்று ஒரே கூச்சல். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நான் அத்தனை வருடத்தில் முதல்முறையாக, ஒரு இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை.

ஆனால் இரண்டு பேருக்கும் ஐந்தாம் வகுப்பு முடிகிறது. ஆறாவது என்றால் திண்டிவனம். மூன்று மைல் நடை. அந்த ஊரிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்க மணியக்காரரிடம் போனேன். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

“பொட்டப் புள்ளைய தனியா மூணு மைலு எப்பிடி அனுப்பறது வாத்தியாரே?”

தூணோரம் நின்ற தனலட்சுமி, “பச்சையம்மாவும் வரட்டும்” என்றாள்.

“அவ வந்துட்டா காலையில நம்ம ஆட்ட யாரு மேய்க்கிறது?”

“ஏன் அவளேதான் மேய்க்கணும்?”

“ஏன்னா… அவ அப்பன் மேய்க்கிறான். அவளும் மேய்க்கிறா.”

“அது எப்பவுமே அப்பிடிங்கிறீங்க. காரணம் சொல்லலையே.”

மணியக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதெல்லாம் உன் வேலைதான் என்கிற பார்வை. நான் வெளியே பார்த்துக்கொண்டேன். வெகுநேரம் வெற்றிலையை மென்றார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார். பிறகு பண்ணையாளைக் கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து காலையில ஆட்ட நீ ஓட்டிக்கினு போ” என்றார். பச்சையம்மாவின் அப்பாவிடம் அவரே போய்ப் பேசினார். அந்த மனிதர் பயந்தே சம்மதித்திருப்பார். எப்படியோ, சம்மதித்தார்.

ஜூன் மாதம் எனக்கு வல்லம் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. தகரப் பெட்டியோடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே இரண்டு பெண்களும் புதுப் பையோடு திண்டிவனத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை வீசி ஏதோ சொல்கிறாள், மற்றவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டுகிறாள். என்னைத் தாண்டிப் போயே விட்டார்கள்.

“என்னம்மா சண்டை?” என்று கூப்பிட்டேன்.

பச்சையம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் காட்டினாள்.

“இருங்க சார், யோசிச்சிக்கினு இருக்கோம்.”